வேலைநிறுத்தமும் விளையாட்டு அணியும்

மருதானைப் புகையிரத நிலையத்திற்கு அண்மையில் வாழ்வோருக்கு வேலைநிறுத்தம் புதிய செய்தியன்று. விடியற்காலையில் வண்டிகளின் இரைச்சல் கேளாவிடின், பத்திரிகை வருமுன்னரே காரணத்தை அவர்கள் ஊகித்துக்கொள்வர். வண்டி ஓடாத நாளில் மக்கள் பேருந்துகளில் நெருக்குண்டு எப்படியோ அலுவலகம் சேர்வர். அலுவலகத்திலும் பத்து எழுதுவினைஞரில் நால்வர் வராவிடின், எஞ்சிய அறுவர் கோப்புகளை மெல்ல நகர்த்துவர். விளையாட்டிலோ இத்தகைய சமாளிப்புக்கு இடமில்லை. கூடைப்பந்தாட்டத்தில் ஓரணிக்கு ஐவர் ஆயத்தமாக நில்லாவிடின் ஆட்டம் தொடங்கவே மாட்டாது. ஆகவே ஆட்டக்காரருக்கும் அவர்களுக்கு ஊதியம் அளிப்போருக்கும் பிணக்கு மூளுமாயின், நியாயம் எவர் பக்கம் என்னும் வினாவுக்கு முன்னதாக எழுவது, நாளை களத்தில் இறங்குவதற்கு ஆள் எங்கே என்னும் வினாவேயாகும்.

விளையாட்டு வீரரைத் தொழிலாளர் என்று கூறுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுக் கூலிக்கு உழைப்பவர் எவரும் தொழிலாளரே. அதிலும் விளையாட்டு வீரரின் உழைப்புக் காலம் மிகக் குறுகியது. முப்பத்தைந்து வயதில் அவர் முதியவராகிவிடுகிறார். பெரும் பணம் பெறுவோரும் அவர்களிடையே உளர் என்பது உண்மையே. அதனால் வழக்கின் தன்மை மாறிவிடுவதில்லை.

இப்பிணக்குகள் இரு வகையின. தொழிலாளர் வேலைக்கு வர மறுப்பது வேலைநிறுத்தம். முதலாளி வாயிலை அடைத்துக்கொள்வது கதவடைப்பு. அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்தாட்டச் சங்கத்தில் 2011ஆம் ஆண்டு யூலை 1ஆம் திகதி தொடங்கியது கதவடைப்பே. வருமானத்தில் 57 விழுக்காடு ஆட்டக்காரருக்குச் சென்றுகொண்டிருந்தது. அதனைக் குறைக்கவேண்டும் என்றனர் அணி உரிமையாளர். 161 நாள்கள் கதவு திறக்கவில்லை. சில ஆட்டக்காரர் துருக்கிக்கும் சீனாவுக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். சீனாவுக்குச் சென்றவர்களோ, அங்கே பருவம் முடியும்வரை விலக இயலாதவாறு ஒப்பந்தத்தில் அகப்பட்டுக்கொண்டனர். ஈற்றில் ஏறத்தாழச் சரிபாதிப் பங்கு என்று உடன்பாடு கண்டு, 82 ஆட்டங்கள் 66ஆகக் குறைக்கப்பட்டு, நத்தார் தினத்தன்று பருவம் தொடங்கிற்று.

டிசம்பர் 9ஆம் திகதி கதவு திறந்தது. ஆட்டம் தொடங்க எஞ்சியிருந்தவை இரு வாரங்களே. பதினைந்து பேருக்கு மேற்படாத பட்டியலை ஒவ்வோரணியும் அதற்குள் நிரப்பவேண்டியிருந்தது. வழக்கமாக மாதக்கணக்கில் நிறுத்துப் பார்த்துச் செய்யும் தெரிவை, சந்தை கலையும் வேளையில் காய்கறி வாங்குவதுபோலச் செய்தனர். ஜெரமி லின் என்னும் இளைஞரை ஓரணி முதல் நாளிலேயே நீக்கிற்று. மற்றோரணி ஏற்று, நத்தாருக்கு முதல் நாள் நீக்கிற்று. காயமுற்ற ஒருவரின் இடத்தை நிரப்புவதற்காக நியூயோர்க் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. 2012 பெப்ரவரியில் அவர் களத்தில் இறக்கப்பட்டபோது அவ்வணி தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் வென்றது!

அமெரிக்காவில் கதவு மூடியிருந்த காலத்தில் ஆட்டமே நடைபெறவில்லை. ஆகையால் பதிலாட்களுக்கும் வேலை இருக்கவில்லை. பிணக்குத் தீராமலே ஆட்டத்தை நடத்த முற்படும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. கூடைப்பந்தாட்டத்தில் அன்று, கிரிக்கெட்டில் அதனைக் கொழும்பு நகரம் நேரிற் கண்டது. மருதானையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள எஸ். எஸ். சி. மைதானத்திற்கு 2005 யூலையில் வந்த மேற்கிந்தியத் தீவுகள் அணியில் பிரையன் லாரா இல்லை, கிறிஸ் கெயில் இல்லை, சர்வானும் இல்லை. கிரிக்கெட் சபைக்கு அனுசரணை வழங்கியது டிஜிசெல் நிறுவனம். வீரர் சிலரோ அதன் போட்டி நிறுவனமாகிய கேபிள் அன்ட் வயர்லெசுடன் தனிப்பட ஒப்பந்தம் செய்திருந்தனர். ஒரு வீரரின் முகத்தை விளம்பரத்திற்கு விற்கும் உரிமை அவருக்கா, சபைக்கா என்பதே வழக்கின் சாரம். வீரர் சங்கம் உறுதியாக நின்றது; முன்னணி ஆட்டக்காரர் பெரும்பாலோர் சுற்றுப்பயண ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை. சந்தர்போல் தலைமையில், அனுபவங் குறைந்தவர்களைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிச் சபை அணியை அனுப்பி வைத்தது.

யூலை 13ஆம் திகதி தொடங்கிய முதலாவது டெஸ்ட் ஆட்டத்தில் யாரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. வந்தவர்கள் 285 ஓட்டங்கள் எடுத்தனர். இலங்கை அணி 227 ஓட்டங்களுக்குள் சுருண்டது. பதிலாட்கள் 58 ஓட்டங்கள் முன்னணியில் நின்றனர். இரண்டாம் முறை துடுப்பெடுத்தாடியபோதுதான் குறை வெளிப்பட்டது. வாசும் முரளிதரனும் பந்து வீச, 113 ஓட்டங்களுடன் கதை முடிந்தது. இலங்கை ஆறு விக்கெட்டுகளால் வென்றது. கண்டி அஸ்கிரியவிலும் அவ்வாறே. முதற் சுற்றில் இலங்கை 150, அவர்கள் 148; இரண்டாம் சுற்றில் சங்கக்கார ஆட்டமிழக்காமல் 157 ஓட்டங்கள் குவித்தார்; முரளிதரன் 46 ஓட்டங்களுக்கு எட்டு விக்கெட்டுகளைச் சாய்த்தார்; தோல்வி 240 ஓட்டங்களால். திறமை அவர்களிடம் இல்லாமலில்லை. நெருக்கடியில் எவ்வாறு நின்றுபிடிப்பது என்பதைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் மூத்தோர்தாம் போதியளவில் இல்லை. பட்டியலில் பெயரை நிரப்பலாம். அதனை நிரப்புவது கடினம்.

வேலைநிறுத்தத்தின்போது பிறர் இடத்தில் வேலைக்குப் போகிறவனைத் தமிழ்த் தொழிற்சங்க மேடைகள் கருங்காலி என்று வசைபாடும். கோடரிக்குக் காம்பாகித் தன்னினத்து மரங்களையே வெட்ட உதவும் மரம் என்பது அதன் பொருள். 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 40,000 ஊழியர் வேலையிழந்ததைக் கண்ட இந்நாட்டில் அச்சொல்லின் கடுமை எளிதில் விளங்கும். ஒருவன் வேலைக்குப் போவதால் மற்றொருவனின் போராட்டம் வலுவிழக்கிறது, இதனை மறுத்தற்கில்லை. எனினும் நாட்டுக்கு ஆடவேண்டும் என்று சிறு பிராயம் முதல் கனவு கண்ட ஓர் இளைஞனுக்கு அழைப்பு வரும்போது, வாயிலில் நிற்கும் மூத்தோரைக் கண்டு திரும்பிப் போ என்று கூறுதல் எளிதோ? அவ்விளைஞனைக் காம்பாகப் பிடித்த கை சபையினுடையது. வசைச்சொல்லோ காம்பின்மீதே விழுகின்றது.

நான்காண்டுகளின் பின் இதே நாடகம் மீண்டும் அரங்கேறிற்று. 2009இல் வங்காளதேசம் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றபோது, பத்தாண்டுகளாக டெஸ்ட் ஆடாதிருந்த ஃபுளொயிட் ரீஃபரின் தலைமையில் பதில் அணியொன்று களமிறங்கி, இரு டெஸ்ட்களிலும் தோற்றது.

கொழும்பில் ஆடியவர்களுக்கு நேர்ந்தது ஒரே வகையானதன்று. 2005ஆம் ஆண்டு முடியுமுன்னரே லாரா முதலியோர் அவுஸ்திரேலியப் பயணத்திற்குத் திரும்பினர். எஸ். எஸ். சி. மைதானத்தில் இருபது வயதில் விக்கெட் காப்பாளராக அறிமுகமான தினேஷ் ராம்தீன், தமது முதல் ஆட்டத்திலேயே அரைச் சதம் அடித்து, எழுபதுக்கு மேற்பட்ட டெஸ்ட்களில் ஆடி, 2014இல் அணித் தலைவருமானார். அஸ்கிரியவில் தொடக்கத் துடுப்பாட்டக்காரராக அறிமுகமான ரயன் ராம்தாசுக்கு அதுவே முதல் டெஸ்ட், அதுவே இறுதியும்.