ஒத்துக்கொண்டவருக்கு மேல்முறையீடு எவ்வளவு?

இந்தியக் குற்றவியல் நடைமுறையில் மேல்முறையீடு பிறப்போடு வந்த உரிமை அல்ல. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413-ஆவது பிரிவு, சட்டம் அனுமதித்த இடத்தில் மட்டுமே மேல்முறையீடு உண்டு என்கிறது. மாஜிஸ்திரேட் தண்டித்தால் பொதுவாக அமர்வு நீதிமன்றம். அமர்வு நீதிபதி தண்டித்தால் உயர் நீதிமன்றம். அதற்கு மேலே வழி குறுகல். விடுதலையை ரத்து செய்து உயர் நீதிமன்றமே தூக்கோ ஆயுளோ 10 ஆண்டுக்குக் குறையாத சிறையோ விதித்தால் உச்ச நீதிமன்றத்தில் முறையிட உரிமை உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோர் சிறப்பு அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

செய்திகளில் அடிபடுவதெல்லாம் இந்த உச்சிப் படிகள். அதிகம் பேரைத் தடுக்கும் சுவர் கீழே இருக்கிறது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் விதிக்கும் அபராதம் 100 ரூபாயைத் தாண்டாவிட்டால் மேல்முறையீடு கிடையாது. இதற்கு முன்பிருந்த 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தில் இருந்த அதே தொகை. ஹெல்மெட் போடாததற்கே தமிழ்நாட்டில் 1,000 ரூபாய் வசூலாகும் நாளில் இந்த விதியில் சிக்குபவர் சொற்பம்.

416-ஆவது பிரிவு அப்படியல்ல. குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனை அதிகம் அல்லது சட்டப்படி செல்லாது என்று மட்டுமே முறையிடலாம். ‘நான் செய்யவில்லை’ என்று சொல்ல முடியாது. பெட்டி கேஸில் வாய்தாவுக்கு வாய்தா அலைந்து கூலியை இழப்பதைவிட, ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிடுவது லாபம் என்று தோன்றும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு இது இன்னும் எளிதாகத் தோன்றும். பின்னாளில் அரசு வேலை விண்ணப்பத்தில் தண்டனை விவரம் கேட்கும்போதுதான் கட்டிய தொகையின் உண்மையான விலை தெரியும். சம்மன் வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன வார்த்தைகளிலேயே, கூடுமானவரை, ஒப்புதலைப் பதிய வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அது புரிந்து சொன்ன ஒப்புதல் அல்ல என்று பிறகு வாதிடலாம். ஆனால் கையில் இருக்கும் ஆதாரம் நீதிமன்றம் எழுதிய அந்த ஒரு வரிதான்.

ஒத்துக்கொண்டவர்களும் முறையிட்டால் நீதிமன்றங்கள் மூச்சு முட்டிப்போகும் என்பார்கள். அதிலும் நியாயம் உண்டு.

ஒத்துக்கொள்ள இன்னொரு வழியும் உண்டு. 2006 முதல் நடப்பில் உள்ள தண்டனைப் பேர (plea bargaining) வழியில், 7 ஆண்டு வரை தண்டனைக்குரிய சில குற்றங்களைப் பேசி முடிக்கலாம். அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடே இல்லை. உயர் நீதிமன்றத்தில் ரிட், உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, அவ்வளவுதான்.