எந்த மேகம் டொர்னேடோவை இறக்கும்?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதிச் சமவெளிகளில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் கடும் இடிமழைப் புயல்கள் எழுகின்றன. அவற்றுள் சில, மேகத்தின் அடியிலிருந்து தரைவரை நீளும் வன்மையான சுழல்காற்றை, அதாவது டொர்னேடோவைத் தோற்றுவிக்கின்றன. எந்தப் பகுதியில் அத்தகைய நாள் வாய்க்கக்கூடும் என்பதை வானிலையியல் இன்று பெரும்பாலும் ஒரு நாள் முன்னதாகவே உணர்த்திவிடுகிறது. ஆனால், அன்று எழும் மேகங்களுள் எது டொர்னேடோவை இறக்கும், எது மழையோடும் ஆலங்கட்டியோடும் ஓய்ந்துவிடும் என்பதை உறுதியாகச் சொல்ல இன்னும் இயலவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கும் உழைப்பில் பெரும்பங்கு, முதுநிலைப் பட்டத்துக்கும் முனைவர் பட்டத்துக்கும் பயிலும் மாணவர்களுடையது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அறிய, சூப்பர்செல் எனப்படும் நெடுநேரம் நிலைக்கும் இடிமேகத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். தரையருகே வெப்பமும் ஈரமும் மிகுந்த காற்றும் அதன்மேல் குளிர்ந்த காற்றும் இருக்கும்போது, கீழ்க்காற்று விரைந்து மேலெழுகிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் திசையும் வேகமும் மாறுமானால், காற்றில் கிடைமட்டமாக அமைந்திருக்கும் சுழற்சியை மேலெழும் காற்று நிமிர்த்தி, தானும் சுழலத் தொடங்குகிறது. சில கிலோமீட்டர் அகலமுள்ள இந்தச் சுழற்சிக்கு மீசோசைக்ளோன் என்று பெயர். ஆயினும், ரேடார் பதிவுகளை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, இத்தகைய சுழற்சிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே டொர்னேடோவில் முடிந்தது. மேகத்திலிருந்து மழையோடு இறங்கும் காற்று மிகவும் குளிர்ந்திருந்தால், அது கனத்துத் தரையிலேயே தங்கிவிடுகிறது. அது மிதமாக மட்டுமே குளிர்ந்திருந்தால், மேலெழும் காற்று அதையும் இழுத்து நீட்டுகிறது. கயிற்றில் கட்டிச் சுழற்றும் கல், கயிறு குறுகக் குறுக விரைவதுபோல, ஒடுங்கும் சுழற்சி வேகம் பெறுகிறது. சில பாகை வெப்பநிலை வேறுபாடுகூட விளைவை மாற்றக்கூடும் என்பதால், அந்த வேறுபாட்டை நேரில் சென்று அளப்பது ஆய்வின் முதற்கடமையாகிறது.

களத்தில் இறங்கி அளக்கும் மரபு, ஓக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரில் வலுப்பெற்றது. அங்குள்ள தேசியக் கடும் புயல் ஆய்வகமும் ஓக்லஹோமா பல்கலைக்கழகமும் 1972 முதல் புயல்களைத் தேடி மாணவர்களைச் சாலை வழியே அனுப்பின. 1973 மே 24 அன்று யூனியன் சிட்டி என்னும் ஊரைத் தாக்கிய டொர்னேடோவை, களக்குழுவினர் கண்ணெதிரே படம் பிடித்தனர். அதே வேளையில் ஆய்வகத்தின் டாப்ளர் ரேடார், அதாவது மழைத்துளிகள் தன்னை நோக்கி வருகின்றனவா, விலகிச் செல்கின்றனவா என்பதைக் கொண்டு காற்றின் ஓட்டத்தை அளக்கும் கருவி, அதே மேகத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. இரு பதிவுகளையும் பின்னர் ஒப்பிட்டபோது, டொர்னேடோ தரையைத் தொடுவதற்கு முன்பே அதன் அடையாளம் மேகத்தின் நடுவே தோன்றியிருந்தது தெளிவாயிற்று. இத்தகைய கண்டறிதல்களே 1990களில் அந்நாடெங்கும் ஏறத்தாழ 160 டாப்ளர் ரேடார்கள் நிறுவப்படுவதற்கு வழிகோலின. பின்னர் 2009, 2010 ஆண்டுகளில் நடந்த வோர்டெக்ஸ்-2 என்னும் பெருந்திட்டத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளரும் மாணவரும் நடமாடும் ரேடார்களுடனும் வானிலை பலூன்களுடனும் சமவெளிகளில் சுற்றினர். அவர்கள் 2009 ஜூன் 5 அன்று வயோமிங் மாநிலத்தின் கோஷன் வட்டாரத்தில் ஒரு டொர்னேடோவைத் தோற்றம் முதல் முடிவு வரை அளந்தனர்.

களத்தில் ஒரே மேகத்தை இருமுறை பார்க்க முடியாது என்பதால், மாணவர்கள் கணினியையும் நாடுகின்றனர். ஜோசப் கிளெம்ப், ராபர்ட் வில்ஹெல்ம்சன் ஆகியோர் 1978இல் வெளியிட்ட முப்பரிமாண மாதிரி, இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு ஒரு சூப்பர்செல் மேகத்தைக் கணினியில் எழுப்பிக் காட்டியது. அதன் வழிவந்த மாதிரிகளில் காற்றின் ஈரத்தைச் சிறிது குறைத்தோ, தரையருகே வீசும் காற்றின் திசையைத் திருப்பியோ மீண்டும் இயக்கிப் பார்த்தால், எந்த மாற்றம் எந்த விளைவைத் தருகிறது என்பதைப் பிரித்தறிய முடிகிறது.

கண்டறிந்தவற்றை முன்னறிவிப்பாக்கும்போது, அந்த முன்னறிவிப்பை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி எழுகிறது. இதற்குரிய முதற்பாடம் 1884இல் கிடைத்தது. அமெரிக்கப் படையின் சமிக்ஞைப் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி, டொர்னேடோ வரும், வராது என்று அளித்த 2,803 முன்னறிவிப்புகளில் 96.6 விழுக்காடு சரியாக இருந்தது. ஆனால், எல்லா நாளும் எல்லா இடத்துக்கும் ‘வராது’ என்றே அறிவித்திருந்தால், 98.2 விழுக்காடு சரியாக இருந்திருக்கும் என்பது விரைவிலேயே சுட்டிக்காட்டப்பட்டது. வரும் என்று அவர் சொன்ன 100 முறைகளில் 28 முறையே டொர்னேடோ வந்தது. ஆயினும் அந்த 28 முறைகளே மக்களுக்குப் பயன்தரத்தக்கவை. அரிதாக நிகழும் பேரிடரை முன்னறிவிப்பதில் மொத்த விழுக்காடு ஏமாற்றும் என்பதையும், தவறவிட்டவை எத்தனை, வீணாக எச்சரித்தவை எத்தனை என்று தனித்தனியே எண்ண வேண்டும் என்பதையும் வானிலையியல் மாணவர்கள் இன்றும் ஃபின்லியின் கணக்கைக் கொண்டே கற்கின்றனர்.

நார்மனில் 2006இல் திறக்கப்பட்ட தேசிய வானிலை மையத்தில், பல்கலைக்கழகத்தின் வானிலையியல் துறையும் புயல் முன்கணிப்பு மையமும் ஆய்வகமும் ஒரே கூரையின்கீழ் இயங்குகின்றன. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் சில வாரங்கள் அங்கு நடக்கும் முன்னறிவிப்புப் பரிசோதனையில், பணியிலிருக்கும் முன்கணிப்பாளர்களும் மாணவர்களும் ஒன்றாக அமர்ந்து புதிய மாதிரிகளைக் கொண்டு அன்றைய முன்னறிவிப்பை வரைந்து, மறுநாள் அதை நடந்தவற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் இடுகின்றனர். ஆய்வேட்டில் பிறந்த கருத்து, எச்சரிக்கை விடுப்பவரின் திரைக்குச் செல்வதற்குத் தகுதியானதா என்பது இங்கே தெளிவாகிறது.

இந்த உழைப்பின் பயன் நிமிடங்களில் அளக்கப்படுகிறது. நார்மனுக்கு அருகிலுள்ள மூர் நகரை 2013 மே 20 அன்று உச்ச வலிமை கொண்ட டொர்னேடோ தாக்கியபோது, அது தரையைத் தொடுவதற்கு 16 நிமிடங்கள் முன்னரே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. எனினும் 24 பேர் உயிரிழந்தனர். நேரத்தை நீட்டினால் மட்டும் போதாது. வீண் எச்சரிக்கைகள் பெருகினால் மக்களின் நம்பிக்கை தேயக்கூடும். எனவே, எச்சரிக்கையை முன்கூட்டியும் துல்லியமாகவும் ஆக்குவது, அதைக் கேட்போர் எவ்வாறு முடிவெடுக்கின்றனர் என்று அறிவது ஆகிய இரண்டும் இன்றைய ஆய்வேடுகளின் பொருளாகியுள்ளன. ஒரு மாணவரின் ஆய்வேடு, இறங்கும் காற்றின் வெப்பநிலை போன்ற ஏதேனும் ஒரு சிறு கேள்விக்கே விடை தரக்கூடும். ஆனால், இன்று ஒலிக்கும் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் அடியில் அத்தகைய விடைகள் பல அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேடும் இளைஞர்களுக்குக் கருவியும் காலமும் பொருளுதவியும் தடையின்றிக் கிடைக்கச் செய்வது, உயிர்காக்கும் பணிக்கு ஒரு சமூகம் செய்யும் நேரடி முதலீடாகும்.