எச்சமும் பொருள் தெளிவும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்கான விதிகளைக் கூறுகின்றன. வரலாறு பயில்வோர் அவற்றில் ஊராட்சியின் சிறப்பைக் காண்பர். மொழி பயில்வோர் காண வேண்டியது மற்றொன்றும் உண்டு. இத்தகைய விதிகளை எழுதும்போது, ஒருவர் தகுதியுடையவரா அல்லரா என்பது ஓர் எச்சம் எச்சொல்லைத் தழுவுகிறது என்பதைப் பொறுத்தே அமையலாம்.

வடிவங்கள் நான்கு

'காட்டு' என்னும் வினையடியைக் கொள்வோம். 'கணக்குக் காட்டிய உறுப்பினர்' என்பதில் 'காட்டிய' என்னும் முற்றுப்பெறாத வினை, ஒரு பெயரைக் கொண்டு முடிவதால் பெயரெச்சம். 'கணக்குக் காட்டி விலகினார்', 'கணக்குக் காட்ட வந்தார்' என்பவற்றில் 'காட்டி', 'காட்ட' ஆகியவை வினையைக் கொண்டு முடிவதால் வினையெச்சங்கள். 'காட்டுதல்' என்பது தொழிலுக்குப் பெயராகிக் காலம் காட்டாது நிற்பதால் தொழிற்பெயர். 'காட்டியவர்' என்பது தொழிலைச் செய்தவருக்குப் பெயராகிக் காலமும் காட்டுவதால் வினையாலணையும் பெயர்.

ஆங்கிலத்தில் 'ரீடிங்' என்னும் ஒரு வடிவமே 'படித்தல்' எனப் பெயராகவும், 'படிக்கின்ற' என எச்சமாகவும் வரும். முன்னதை ஜெரண்ட் என்றும் பின்னதைப் பார்டிசிபிள் என்றும் இடம் நோக்கியே பிரித்தறிய வேண்டும். 'டு ரீட்' என்னும் இன்ஃபினிடிவ் வடிவத்திற்குப் பல இடங்களில் 'படிக்க' என்பது ஈடாகும். தமிழில் இவ்வேறுபாட்டைச் சொல்லின் ஈறே உணர்த்திவிடுகிறது.

யார் செய்த வினை?

குடத்தில் இட்ட ஓலைகளுள் ஒன்றை, உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் எடுப்பான். நடுநிலையாளர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதனை வாங்கி வாசிப்பார். இதனை, 'சிறுவன் ஓலையை எடுத்து, நடுநிலையாளர் பெயரை வாசித்தார்' என்று எழுதுவது பிழை. 'எடுத்து' போன்ற 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சமும் அதனை முடிக்கும் வினையும் பொதுவாக ஒரே எழுவாயைக் கொள்ளும். இங்கு எடுத்தவன் ஒருவன், வாசித்தவர் வேறொருவர். எழுவாய் வேறுபடுமிடத்தில் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம் பொருந்தும். ஆதலின், 'சிறுவன் ஓலையை எடுக்க, நடுநிலையாளர் அதனை வாங்கி, பெயரை வாசித்தார்' என்று எழுதுதல் வேண்டும்.

காற்புள்ளி காட்டும் வேறுபாடு

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய உறவினரும் தேர்வுக்கு உரியவர் அல்லர் என்பது உத்திரமேரூர் விதி. இதனை இன்று ஒருவர், 'கணக்குக் காட்டாத உறுப்பினரின் உறவினர் தகுதியற்றவர்' என்று எழுதுவதாகக் கொள்வோம். கணக்குக் காட்டாதவர் உறுப்பினரா, உறவினரா? பெயரெச்சம் அடுத்து நிற்கும் பெயரைத் தழுவுவதே இயல்பு. ஆகவே உறுப்பினர் என்று கொள்கிறோம். 'கணக்குக் காட்டாத, உறுப்பினரின் உறவினர்' எனக் காற்புள்ளி இட்டால், எச்சம் உறுப்பினரைக் கடந்து உறவினரைத் தழுவும். அப்போது, தாமே தவறு செய்யாத உறவினர் தகுதி பெற்றுவிடுவார். ஒரு சிறு குறி விதியின் பொருளையே மாற்றிவிடுகிறது.

கல்வெட்டுகளில் இன்றுள்ள காற்புள்ளி இல்லை. சொல்லின் வடிவமும் வரிசையுமே பொருளைக் காத்தன. நாமும் குறியை மட்டும் நம்பாமல், 'கணக்குக் காட்டாத உறுப்பினரும் அவருடைய உறவினரும் தகுதியற்றவர்' எனத் தொடரை மாற்றி அமைத்தால் ஐயத்திற்கு இடமிராது.

ஒற்று மிகுதலும் மிகாமையும்

எச்சங்களின் பின் வல்லினம் வரும்போது கீழ்க்காணும் முறைகளைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

1. பெயரெச்சத்தின் பின் மிகாது: எழுதிய பெயர், காட்டாத கணக்கு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகும்: காட்டாக் கணக்கு.
2. அகர, இகர ஈற்று வினையெச்சங்களின் பின் மிகும்: எழுதப் பணித்தார், எழுதிப் போட்டார்.
3. வன்தொடர்க் குற்றியலுகர வினையெச்சத்தின் பின் மிகும்: எடுத்துக் கொடுத்தான். மென்தொடர், இடைத்தொடர்க் குற்றியலுகர வினையெச்சங்களின் பின் மிகாது: திறந்து காட்டினார், செய்து காட்டினார்.
4. வினையெச்சங்கள் அடுக்கி வரும்போது காற்புள்ளி இடலாம். காற்புள்ளி இட்ட இடத்தில் ஒற்று இடுவதில்லை: எடுத்து, கொடுத்து, திரும்பினான்.

விண்ணப்பம், தீர்மானம், சட்டம் ஆகியவை பிறருடைய உரிமையைத் தீர்மானிக்கும் எழுத்துகள். அவற்றை எழுதி முடித்ததும், ஒவ்வோர் எச்சத்தையும் நோக்கி, 'இவ்வினையைச் செய்தவர் யார்? இது தழுவும் சொல் எது?' என வினவுதல் வேண்டும். இவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடை கிடைக்கும்வரை தொடரைத் திருத்துவதே நல்ல உரைநடைக்கு அழகு.