பட்டா பார்த்து வந்த பணம்

நியாயமான கேள்விதான் அண்ணாச்சி. கொரோனா நேரத்தில் விவசாயிக்கு அரசாங்கம் பணம் போட்டதே, நம்ம வாசுதேவநல்லூரில் வாரத்துக்கு உழுத உங்களுக்கு ஏன் வரவில்லை? டீயைக் குடியுங்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு. மறுநாளே மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 1.70 லட்சம் கோடி ரூபாய்க்கு நிவாரணம் அறிவித்தார். அதில் விவசாயிக்கு 2,000 ரூபாய்; 8.7 கோடிப் பேருக்கு ஏப்ரலிலேயே வங்கியில் ஏறும் என்றார். ஆனால் அது புதுப்பணம் இல்லை. 2019-ல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவே எப்படியும் வரவேண்டிய தவணையைத்தான் முதல் மாதத்திலேயே போட்டார்கள். கைச்செலவுக்கே வழியில்லாத மாதத்தில் அது உதவியது, மறுக்கவில்லை. வருஷக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை.

யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்றும் பார்க்கவில்லை. பிசான நெல் அறுத்தவருக்கும் 2,000, புளியங்குடி கமிஷன் கடைக்கு எலுமிச்சை மூட்டை அனுப்புகிறவருக்கும் 2,000. எலுமிச்சைக்குக் கோடையில்தான் விலை; அதுவும் கேரளாவுக்கு லாரி ஓடினால். அமெரிக்காவில் அதே ஏப்ரலில் விவசாயிகளுக்கு நேரடியாகக் கொடுக்க 1,600 கோடி டாலர் அறிவித்தார்கள். எந்த விளைபொருளுக்கு எவ்வளவு விலை விழுந்தது என்று பார்த்துக் கொடுத்தார்கள். பெரிய பண்ணைக்குப் பெரிய தொகை போன குறை அங்கே உண்டு. ஆனாலும் நஷ்டத்தைக் கணக்கில் எடுத்தார்கள்.

இனி உங்கள் விஷயம். பி.எம். கிசான் பார்ப்பது பட்டாவை. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்தான் விவசாயி. உழவுக் கூலி, நாற்று, உரம் எல்லாம் உங்கள் கைக்காசு. சிட்டாவில் பெயர் வெளியூரில் இருக்கிற நிலக்காரருக்கு. அவர் வருமான வரி கட்டுகிறவர் என்றால் அவருக்கும் கிடையாது. அப்போது அந்த வயலுக்கென்று ஒரு காசும் வராது.

அதே 2020-ல் கள்ளக்குறிச்சி, கடலூர், விழுப்புரம் பக்கம் என்ன நடந்தது? வேளாண் துறையின் கடவுச்சொற்களை வைத்துக்கொண்டு, விவசாயத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்களை எல்லாம் பி.எம். கிசான் பட்டியலில் ஏற்றினார்கள். மாநிலம் முழுக்க ஐந்தரை லட்சம் பேர், 110 கோடி ரூபாய் என்று அன்றைய வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி சொன்னார். சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. சேற்றில் நின்றவரை வெளியே நிறுத்திய பட்டியலில் இவ்வளவு பேர் நுழைந்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஆந்திராவில் 2019-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 11 மாத ஒப்பந்தம் எழுதலாம், நிலத்தின் உரிமை நிலக்காரரிடமே இருக்கும். அதைக் கொண்டு குத்தகைக்காரரில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மை மக்களுக்கு மாநில அரசு பணம் கொடுத்தது. நம்மிடமும் 1969 முதல் குத்தகைப் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஆனால் பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று நிலக்காரருக்குப் பயம். கேட்டால் அடுத்த பூவுக்கு வயல் கிடைக்காது என்று உங்களுக்குப் பயம். இந்த ரெண்டு பயத்தையும் தீர்க்கிற மாதிரி ஒரு தாள் இங்கேயும் வேண்டும்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். நட்டதும் வி.ஏ.ஓ.வைப் பார்த்து, பயிர் செய்வது நீங்கள்தான் என்று அடங்கல் கேளுங்கள். பி.எம். கிசானுக்கு அது செல்லாது. பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம். அங்கே அது உதவும்.