ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி வர்றவங்க யாரு?

முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். இரண்டாம் வருஷம் படிக்கும்போது, ஒரு விபத்து நடந்த இடத்தில் நான் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரம்பலூர்–அரியலூர் ரோடு எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுண்ணாம்புக்கல் லாரி, சிமெண்ட் லாரி, நடுவில் நம்ம பஸ், ஓரத்தில் பயந்து பயந்து போகிற பைக். அன்று சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்தில் ஒரு பைக் சறுக்கி விழுந்து கிடந்தது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தொடையில் இருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. சுற்றி ஒரு பதினைந்து பேர் நின்றோம். எல்லார் கையிலும் போன். ஆனால் யாரும் 108-க்கு அடிக்கவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: இத்தனை பேர் இருக்காங்களே, யாராவது அடிச்சிருப்பாங்க.

எதிர்ப்பக்கத்தில் இளநீர்க் கடை வைத்திருந்த அண்ணன் ரோட்டைக் கடந்து ஓடி வந்தார். தோளில் கிடந்த துண்டை மடித்து, காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினார். தண்ணீர் பாட்டிலோடு வந்த ஒரு அம்மாவிடம், "வேண்டாம்மா, இப்ப குடிக்கக் குடுக்கக் கூடாது" என்றார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி, நீலச் சட்டை! நீ 108-க்குப் போடு."

அதற்கு அப்புறம்தான் என் கை வேலை செய்தது. ஏன் அதுவரை செய்யவில்லை? அந்த அண்ணன் மட்டும் ஏன் ஓடி வந்தார்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தேடியதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூட்டம் ஏன் சும்மா நிக்குது?

1968-ல் டார்லி, லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் நம்மை மாதிரி காலேஜ் பசங்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். ஒவ்வொருவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து இன்டர்காமில் பேசணும். பேச்சுக்கு நடுவில் ஒருவருக்கு வலிப்பு வந்த மாதிரி சத்தம் கேட்கும். 'இது எனக்கு மட்டும்தான் கேக்குது' என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்தச் சத்தம் ஓயும் முன்பே உதவி தேடிப் போனார்கள். 'இன்னும் நாலு பேருக்கும் கேக்குது' என்று நினைத்தவர்களில் அப்படிப் போனது 31 சதவீதம்தான். அதே வயசு, அதே படிப்பு, அதே மனசு உள்ள பசங்க. கூட இருக்கிறவர்களின் எண்ணிக்கை மட்டும்தான் மாறியது.

நம்ம ஊரில் இதோடு இன்னொன்றும் சேரும். போலீஸ், கோர்ட்டு பயம். சேவ்லைஃப் என்ற அமைப்பு 2013-ல் இந்திய நகரங்களில் எடுத்த சர்வேயில், 74 சதவீதம் பேர் விபத்தில் அடிபட்டவருக்கு உதவப் போவது சந்தேகம்தான் என்றார்கள். அதில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் விசாரணை, சாட்சி, அலைச்சல்.

அந்த அமைப்பு பிறந்ததே ஒரு விபத்தில்தான். 2007-ல் டெல்லியில் பியூஷ் திவாரி என்பவரின் உறவுக்காரப் பையன் பள்ளி விட்டு வரும்போது வண்டி மோதி, உதவி கிடைக்காமல் ரோட்டோரத்திலேயே இறந்துபோனான். அடுத்த வருஷம் திவாரி சேவ்லைஃப் ஆரம்பித்தார். அவர்கள் போட்ட வழக்கில்தான் 2016 மார்ச் 30-ல், உதவி செய்கிறவர்களைப் பாதுகாக்கும் விதிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் சட்ட பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவு வந்தது. இப்போது, நல்லெண்ணத்தோடு உதவி செய்த ஆள் மீது அதற்காக வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

"ஆஸ்பத்திரியில பணம் கட்டச் சொன்னா?" என்று கேட்பீர்கள். அடிபட்டவரின் சொந்தக்காரராக இல்லாத வரைக்கும் உங்களிடம் கேட்கக் கூடாது. அதோடு, 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்றாலும் சரி.

அப்ப, வர்றவங்க ஏன் வர்றாங்க?

தன்னார்வலர்கள் ஏன் வருகிறார்கள் என்பதை கிளாரி, ஸ்னைடர் முதலான ஆய்வாளர்கள் 1998-ல் ஆறு காரணங்களாகப் பிரித்தார்கள். உதவணும் என்ற எண்ணம், கற்றுக்கொள்ளும் ஆசை, தன்னைப் பற்றி நல்லா உணர்வது, வேலைக்குப் பயன்படும் என்ற கணக்கு, நண்பர்கள், மனசில் இருக்கிற வலியை மறப்பது. இதில் முதல் காரணம் மட்டும்தான் நாம் மேடையில் பேசுவது. மற்ற ஐந்தும் நமக்குள்ளேயே வைத்துக்கொள்வது.

உண்மையைப் பேசுவோமே. முதல் வருஷம் என்எஸ்எஸ், என்சிசி, ஒய்ஆர்சி என்று ஏதாவது ஒன்றில் பெயர் கொடுத்தே ஆகணும் என்பதால் கொடுத்தோம். சர்டிஃபிகேட் கிடைக்கும், ரெஸ்யூமேயில் ஒரு வரி கூடும். அது தப்பு இல்லை. எதற்காகச் சேர்ந்தோம் என்பதும் எதற்காக அங்கேயே இருக்கிறோம் என்பதும் ஒன்றாக இருக்கணும்னு அவசியம் இல்லை.

வலியிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு வகை. மேற்கு வங்கத்தில் ஜல்பைகுரி பக்கம் கரிமுல் ஹக் என்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளி இருக்கிறார். 1995-ல் அவர் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. அம்மா இறந்துவிட்டார். பிறகு ஒருநாள், கூட வேலை செய்தவர் மயங்கி விழுந்தபோது அவரைத் தன்னோடு பைக்கில் கட்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றிலிருந்து அந்த பைக்தான் சுற்று வட்டார கிராமங்களுக்கு ஆம்புலன்ஸ். 2017-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

மூன்றாவது வகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் வந்ததற்குக் காரணம், யாரோ ஒருத்தர் கூப்பிட்டது.

இரண்டு வாரம் கழித்து அந்த இளநீர்க் கடைக்குப் போனேன். "அண்ணே, அன்னைக்கு எப்படிண்ணே உங்களுக்கு அதெல்லாம் தெரிஞ்சுது?" என்று கேட்டேன். பெரிய கதை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பக்கத்துக் கடைக்காரர் முதலுதவி முகாம் இருக்கு, வாய்யான்னாரு. போனேன். ஒரு நாள்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றார். அவ்வளவுதான்.

இது அந்த அண்ணன் கதை மட்டும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆரம்பமே இப்படித்தான். 1859-ல் ஹென்றி டூனாண்ட் என்ற சுவிஸ் வியாபாரி தன் சொந்த வேலையாக இத்தாலி பக்கம் போனார். சோல்ஃபெரினோ போரில் காயம்பட்ட ஆயிரக்கணக்கான வீரர்கள் கவனிக்க ஆளில்லாமல் கிடந்தார்கள். அவர் டாக்டர் கிடையாது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களை, முக்கியமாகப் பெண்களை, உதவிக்குக் கூப்பிட்டார். வந்தார்கள். எந்தப் பக்கத்து வீரன் என்று பார்க்காமல் கவனித்தார்கள். நம்ம ஒய்ஆர்சி பேட்ஜில் இருக்கும் சிவப்புச் சிலுவைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதை.

நம்ம ரெண்டு மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம்?

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் நண்பர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும்: லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை ஏன் ராஜினாமா செய்தார்? பதில் நம்ம அரியலூர். 1956 நவம்பர் 23, வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ராஜினாமாவைப் பற்றித்தான் கேள்வி வரும். இருட்டில், வெள்ளத்தில் உதவிக்கு இறங்கியவர்களைப் பற்றி எந்தத் தேர்விலும் கேட்பதில்லை.

இப்போது 2008-லிருந்து 108 இருக்கிறது. அரியலூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் நெடுஞ்சாலையில், கிராமத்து ரோட்டில், வண்டி வந்து சேர நேரம் ஆகும். இதயம் நின்றுபோனால் நாலு நிமிஷம் தாண்டும்போதே மூளை கெட ஆரம்பித்துவிடும். பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் சில நிமிஷத்திலேயே உயிர் போகலாம். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த முதல் சில நிமிஷம் பக்கத்தில் நிற்கிறவர் கையில்தான்.

முடிவு தெரியாத வேலை

"அவரு பொழைச்சாராண்ணே?" என்று கடைசியாகக் கேட்டேன். "தெரியலப்பா" என்றார் அண்ணன். ஆம்புலன்ஸ் கதவு மூடியதோடு அவருக்கு அந்தக் கதை முடிந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டு வந்து இளநீர் வெட்டியிருக்கிறார். அந்தத் துண்டு திரும்பி வரவே இல்லை.

இது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. நன்றி சொல்ல யாரும் தேடி வரமாட்டார்கள். ரிசல்ட் கூடத் தெரியாது. சில நேரம் எல்லாம் சரியாகச் செய்தும் ஆள் போய்விடுவார். அப்படியும் மறுபடி மறுபடி போகிறவர்களைத் தாங்குவது கூட இருக்கிற டீம்தான். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், நம்ம ஊர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டும் தமுமுக மாதிரி அமைப்புகள் என்று எதை எடுத்தாலும், ஒரு மோசமான ராத்திரிக்கு அப்புறம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பேச நாலு பேர் இருப்பார்கள்.

நான் மூன்றாம் வருஷம் முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். இதயம் நின்றவருக்கு நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, மார்பின் நடுவில், 5 செ.மீ. இறங்குகிற மாதிரி அழுத்தணும். பொம்மை மேல் இரண்டு நிமிஷம் செய்வதற்குள் எனக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. இதை வீடியோ பார்த்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது, போய்ச் செய்து பார்க்கணும்.

நீங்க உடனே போய் எந்த அமைப்பிலும் சேரணும்னு நான் சொல்லவில்லை. மூணே விஷயம். அடுத்த முகாம் அறிவிப்பு வரும்போது ஒரு நாள் ஒதுக்குங்க. கூட்டத்தில் நின்றால், "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகக் கத்தாமல், ஒருவரைக் கைகாட்டி, சட்டை கலரைச் சொல்லி, "நீங்க பண்ணுங்க" என்று சொல்லுங்க. முகாமுக்குப் போகும்போது தனியாகப் போகாமல் ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போங்க. அவன் தானாக வரமாட்டான், நானும் தானாகப் போகவில்லை.