பேரீச்சம்பழத்துக்கு போகும் பழைய தெருவிளக்கு: மறுபடியும் எரிய வைக்கலாம்... அவசரப்பட்டால் ஆபத்து!

தெருமுனையில் ராத்திரி முழுக்க மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்குகள் ஊர் ஊராக விடைபெற்று வருகின்றன. அந்த இடத்தில் பளிச்சென்று வெள்ளையாக எரியும் எல்.இ.டி. விளக்குகள் வந்து விட்டன. 2015-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி பிரதமர் மோடி தேசிய தெருவிளக்கு திட்டத்தை தொடங்கி வைத்தார். அதன் பிறகு நாடு முழுவதும் 1 கோடிக்கும் அதிகமான எல்.இ.டி. தெருவிளக்குகள் பொருத்தப்பட்டு உள்ளன.

கம்பத்தில் இருந்து கழற்றிய பழைய விளக்குகள் என்ன ஆகின்றன? குடோனில் குவிந்து, ஏலத்தில் போய், கடைசியில் காயலான் கடை தராசில் ஏறுகின்றன. "பேரீச்சம்பழத்துக்கு போடுற சாமான்" என்று அலுமினியத்தை ஒரு பக்கம், சோக்கில் இருக்கும் கம்பியை ஒரு பக்கம் பிரித்து கிலோ கணக்கில் விற்று விடுகிறார்கள்.

ஆனால் வெயில், மழை, புயல் என எல்லாவற்றையும் தாங்குவதற்காகவே செய்த பெட்டி அது. கழுவி, வயரை மாற்றி மாட்டினால் பட்டறை, டீக்கடை வாசல், வண்டி நிறுத்தும் இடம் என்று இன்னும் பல வருஷம் உழைக்கும். அதே நேரம், விவரம் தெரியாமல் கை வைத்தால் உயிருக்கே உலை வைத்து விடும்.

உள்ளே என்ன இருக்கு?

ஒரு சோடியம் விளக்கை திறந்தால் முக்கியமாக 4 சாமான்கள் இருக்கும். பல்ப், சோக், இக்னைட்டர், கெபாசிட்டர்.

வீட்டு கரண்டு 230 வோல்ட்தான். அதை வைத்து மட்டும் சோடியம் பல்ப் பற்றிக் கொள்ளாது. இக்னைட்டர்தான் 2 ஆயிரம் முதல் 4 ஆயிரம் வோல்ட் வரை அடித்து பல்பை தூண்டி விடும். பற்றிக் கொண்ட பிறகு கரண்டு எகிறாமல் பிடித்து வைப்பது சோக்கின் வேலை. சோக் வீணாக இழுக்கும் கரண்டை சரிக்கட்டுவது கெபாசிட்டர்.

பற்றியதும் முழு வெளிச்சம் வந்து விடாது. 4, 5 நிமிடம் பிடிக்கும். எரியும்போது கரண்டு போய் வந்தால், உடனே எரியாது. சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் மறுபடி எரியும். இது ரிப்பேர் இல்லை. அந்த பல்பின் குணமே அப்படித்தான்.

பேய் இல்லை... வயசான பல்ப்!

சில தெருவிளக்குகள் எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணையும், மறுபடி எரியும். இதைப் பார்த்து பேய், பிசாசு என்று கதை கட்டுவது உண்டு. உண்மையில் அது வயசான சோடியம் பல்ப். பழசாக பழசாக அது எரிவதற்கு கூடுதல் வோல்ட் கேட்கும். கிடைக்காதபோது அணைந்து விடும். ஆறியதும் மறுபடி எரியும். பல்பை மாற்றினால் 'பேய்' ஓடி விடும். இதற்காக முழு விளக்கையும் தூக்கிப் போட வேண்டியது இல்லை.

202 விளக்கு சேர்த்தவர்

பழைய தெருவிளக்குகளை தேடிப்பிடித்து சேர்ப்பவர்கள் வெளிநாடுகளில் நிறைய பேர் இருக்கிறார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியை சேர்ந்த கலைஞர் கிறிஸ் பர்டன் 2000-ம் ஆண்டு பழைய பொருள் சந்தை ஒன்றில் 2 தெருவிளக்கு கம்பங்களை வாங்கினார். பெரும்பாலும் 1920, 1930-களில் தெருக்களில் நின்ற வார்ப்பிரும்பு கம்பங்களாக பார்த்து சேர்த்துக்கொண்டே போனார். துரு நீக்கி, பெயிண்ட் அடித்து, புது வயர் இழுத்தார். அப்படி சேர்ந்த 202 விளக்குகள் 2008-ம் ஆண்டு அந்த ஊர் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் வரிசையாக நிறுத்தப்பட்டன. 2015-ல் அவர் இறந்து விட்டார். விளக்குகள் இன்னும் அங்கே நிற்கின்றன. ஊருக்கு வருபவர்கள் நின்று படம் எடுக்கும் இடமாகவும் அது மாறி விட்டது.

பில் இருக்கா?

தெருவிளக்கு ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சியின் சொத்து. கழற்றி கீழே போட்டு இருந்தாலும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போக முடியாது. ஏலம் எடுத்தவரிடம் இருந்து பில்லோடு வாங்குவதுதான் பாதுகாப்பு. "அண்ணே, ஐந்து பீஸ் இருக்கு, பில்லெல்லாம் கிடையாது" என்று யாராவது கொண்டு வந்தால் ஒதுங்கி விட வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம்.

வாங்கியதும் பிளக்கில் சொருகாதீங்க

கொண்டு வந்த கையோடு எரிகிறதா என்று பார்ப்பதுதான் பலரும் செய்யும் தப்பு. உள்ளே எலி கடித்த வயர், குருவிக்கூடு, தேங்கிய மழைத்தண்ணீர் எது வேண்டுமானாலும் இருக்கலாம். பாடியில் கரண்டு இறங்கி இருந்தால் தொட்டவர் கதி அதோகதி.

முதலில் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். வெளிமூடியை சோப்பு தண்ணீரில் கழுவினால் போதும். தின்னர் போட்டால் அக்ரிலிக் மூடி மங்கி வெடித்து விடும். உள்ளே பளபளக்கும் ரிப்ளெக்டரை கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழுந்து வெளிச்சம் குறையும். மெல்லிய துணியே போதும். மழைத்தண்ணீரை தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்து போயிருந்தால் புதுசு போட வேண்டும்.

உள்ளே உள்ள வயர் சூட்டில் வெந்து மொறுமொறு என்று உடையும். சாதாரண வயர் போட்டால் மறுபடி அதே கதிதான். சூடு தாங்கும் வயர்தான் போட வேண்டும். எர்த் வயர் கட்டாயம். 150 வாட் பல்புக்கு 150 வாட் சோக்தான். மாற்றிப் போட்டால் பல்பும் போகும், சோக்கும் போகும்.

முதல் தடவை எரிய விடும்போது எலெக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரிஸ் லேம்ப் போர்டில் போட்டு ஷார்ட் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கரண்டு தங்கி நிற்கும். அதை இறக்காமல் விரலை வைக்கக் கூடாது.

எல்.இ.டி. பல்ப் போடலாமா?

தாராளமாக போடலாம். கரண்டு பில்லும் குறையும். 150 வாட் விளக்கில் சோக் மட்டுமே 15 முதல் 20 வாட் வரை தின்னும். ஆனால் சோக், இக்னைட்டர், கெபாசிட்டர் மூன்றையும் கழற்றி விட்டு நேர் லைன் கொடுக்க வேண்டும். இக்னைட்டரை விட்டு வைத்தால் அது அடிக்கும் வோல்ட்டில் எல்.இ.டி. பல்ப் காலி.

உடைந்த பல்ப்... உஷார்!

சோடியம், மெர்க்குரி இரண்டு வகை பல்பிலும் பாதரசம் இருக்கிறது. மெர்க்குரி பல்பின் வெளிக்கண்ணாடி உடைந்தாலும் உள்குழாய் எரியலாம். அப்போது வெளியேறும் புற ஊதாக்கதிர் கண்ணையும் தோலையும் பொசுக்கி விடும். உடனே அணைத்து விட வேண்டும்.

பல்ப் நொறுங்கினால் ஜன்னலை திறந்து விட்டு எல்லோரும் கால் மணி நேரம் வெளியே போய்விட வேண்டும். பிறகு அட்டையால் அள்ளி, ஈரத்தாளால் துடைத்து, டப்பாவில் மூடி வைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பாதரச விளக்குகள் 2016-ம் ஆண்டு விதிகளிலேயே மின்னணு கழிவு பட்டியலில் சேர்க்கப்பட்டு விட்டன. குப்பைத்தொட்டியில் போடாமல் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

இந்த ஆபத்து, ஆசைக்கு ஒன்றிரண்டு விளக்கு வாங்குபவரை விட தினமும் நூற்றுக்கணக்கில் பிரித்துப் போடும் காயலான் கடை தொழிலாளிக்குத்தான் அதிகம். செம்புக்காக வயரை எரிப்பதும், பல்பை சுத்தியலால் உடைப்பதும் சில ரூபாய்க்காக நெஞ்சையும் நரம்பையும் அடகு வைப்பது மாதிரி. பல்பை உடைக்காமல் தனியே எடுத்து வைத்து விட்டு, பெட்டியை முழுசாக விற்றால் எடைக்கு போடுவதை விட நாலு காசு கூட கிடைக்கவும் வழி உண்டு.