பெருந்தமனியில் ஒரு ஹாட்ஃபிக்ஸ்

இன்னைக்கு கோடு பத்தி இல்ல, ரத்தக்குழாய் பத்தி.

எங்க பெரியப்பாவுக்கு ஏழு வருஷம் முன்னாடி சிறுநீரகம் மாத்துனாங்க. அதை உடம்பு நிராகரிக்காம இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்குற மாத்திரை தினமும் போடுறார். போன வருஷம் அவருக்கு முதுகுவலி, லேசா காய்ச்சல். ரெண்டு வாரம் தைலம் தேய்ச்சே ஓட்டிட்டோம். காய்ச்சல்ங்கறது எதிர்ப்புச் சக்தி அடிக்கிற அலாரம். அந்த அலாரத்தோட சத்தத்தைத்தான் மாத்திரை குறைச்சு வெச்சிருக்குன்னு எங்க யாருக்கும் தோணல. உங்க வீட்லயும் ஸ்டீராய்டு, டயாலிசிஸ், பல வருஷ சர்க்கரைன்னு யாராவது இருந்தா, லேசான காய்ச்சலோட வயித்துவலியோ முதுகுவலியோ வந்தா உடனே டாக்டர்கிட்ட போயிடுங்க.

சி.டி. ஸ்கேன்ல பார்த்தா, பெருந்தமனி, அதாவது இதயத்துலேர்ந்து வயிறு வரைக்கும் இறங்குற பெரிய குழாய், ஒரு பக்கமா பலூன் மாதிரி வீங்கியிருக்கு. ரத்தத்துல சால்மொனெல்லா. கெட்டுப்போன சாப்பாட்டுல வருமே, அதே பாக்டீரியாதான். கொழுப்பு படிஞ்ச குழாய்ச் சுவர்ல ஒட்டிக்கிட்டு, சுவரையே அரிச்சிடும். சாதாரண வீக்கம் வருஷக்கணக்கா மெதுவா வளரும். இது சில நாள்லயே வெடிக்கலாம். (1885ல வில்லியம் ஆஸ்லர் இதுக்கு 'மைக்கோட்டிக்'னு பேர் வெச்சார். கேட்டா பூஞ்சைன்னு தோணும், ஆனா காரணம் பெரும்பாலும் பாக்டீரியா. தப்பா வெச்ச வேரியபிள் பேரை யாரும் மாத்தல!)

வைத்தியத்துக்கு ரெண்டு வழி. வயித்தைத் திறந்து, கெட்ட பகுதியை வெட்டியெடுத்து, சுத்தி இருக்குற இடத்தையும் சுத்தம் பண்ணி, வேற குழாய் தைக்கிறது ஒண்ணு. முழு ரீரைட். ஆனா அந்த நேரம் பெருந்தமனிக்கு கிளாம்ப் போடணும். மாத்துன சிறுநீரகம் இடுப்புப் பக்கத்துத் தமனியிலதான் இணைஞ்சிருக்கு, அதுக்கும் ரத்தம் நின்னுடும். இன்னொண்ணு, தொடை வழியா உள்ள போய், துணி போர்த்துன ஸ்டென்ட்டை விரிக்கிறது. வெடிக்காம தடுக்கும். ஆனா கிருமி அங்கயே இருக்கும், அது ஒட்டிக்கப் புதுசா ஒரு பொருளையும் நாமளே கொடுக்குறோம்.

ஹாட்ஃபிக்ஸ்னா எனக்கு எப்பவும் இளக்காரம். ஆனா ஸ்வீடன்ல 1994லேர்ந்து 2014 வரைக்கும் 132 நோயாளிகளைப் பார்த்த ஆய்வுல, மூணு மாசம் கழிச்சு உயிரோட இருந்தவங்க திறந்த அறுவையில 74 சதவீதம், ஸ்டென்ட்ல 96. அஞ்சு வருஷத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாயிடுச்சு.

பெரியப்பாவுக்கு ஸ்டென்ட்தான். அதுக்கப்புறம்தான் நிஜமான இழுபறி. கிருமியை அடக்க எதிர்ப்புச் சக்தி வேணும், அதுக்காக மாத்திரையை ரொம்பக் குறைச்சா சிறுநீரகம் போயிடும். வாராவாரம் ரத்தம் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா அளவை மாத்துனாங்க. ஆன்டிபயாடிக் முதல்ல ஊசியா பல வாரம், இப்போ மாத்திரையா.

"இதை எப்போ சார் நிறுத்தலாம்?"னு கேட்டேன். "தேதி எதுவும் வெச்சுக்காதீங்க தம்பி"ன்னார் டாக்டர். பெரியம்மா இப்போ தெர்மாமீட்டரைச் சாமி அலமாரியிலயே வெச்சிருக்காங்க.